ஸ்மோல்னி மாணவியர்: ஏழு ஓவியங்களும் எழுதப்பெறாத ஒரு முகமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஸ்மோல்னி என்னும் பெயர் தமிழ் வாசகர்க்குப் புதியதன்று. 1917ஆம் ஆண்டின் அக்டோபர்ப் புரட்சி வழிநடத்தப்பெற்ற கட்டடம் அது. ஜான் ரீடு எழுதிய 'உலகைக் குலுக்கிய பத்து நாட்கள்' என்ற நூலைப் படித்தோர், அதன் நீண்ட நடைகூடங்களையும் அங்கு இரவு பகலாக ஓயாதிருந்த ஆரவாரத்தையும் மறந்திருக்க மாட்டார்கள். அந்நூலில் ஒரு சிறு குறிப்பு உண்டு. புரட்சிக் குழுக்கள் கூடிய அறைகளின் கதவுகளில் பழைய பெயர்ப்பலகைகள் அப்போதும் இருந்தன. ஒன்று மாணவியர் வகுப்பறை என்றது, மற்றொன்று ஆசிரியர் அறை என்றது. படிப்பவர் அவ்வரியை விரைந்து கடந்துவிடுவார். உள்ளே நடப்பது அவ்வளவு பெரிய செய்தி. எனினும் அந்தப் பலகைகளுக்கு உரிய மாணவியர் யாவர் என்ற கேள்வி, கவிதை எழுதுவோர்க்கு உரிய கேள்வியாகும்.

அக்கேள்விக்கு விடை தேடிச் செல்வோர் 1764ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டில் ரஷ்யப் பேரரசி இரண்டாம் காதரின், இவான் பெத்ஸ்கோய் என்ற அறிஞரின் திட்டத்தை ஏற்று, பீட்டர்ஸ்பர்க் நகரில் உயர்குடிப் பெண்மக்களுக்கான கல்விக் கழகம் ஒன்றை நிறுவினார். ரஷ்யாவில் பெண்கள் கல்விக்காக அரசே ஏற்படுத்திய முதல் நிறுவனம் அதுவே. புரட்சிக் காலத்துக் கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. முதல் மாணவியர் அதன் அருகிலுள்ள ஸ்மோல்னி மடத்தின் கட்டடங்களில் வாழ்ந்தனர்.

பெத்ஸ்கோயின் கொள்கை விசித்திரமானது. பழைய சமூகத்தின் கரடுமுரடான பழக்கங்கள் தீண்டாத புதிய மனிதர்களை உருவாக்க வேண்டும். அதற்குக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்க்க வேண்டும் என்று அவர் கருதினார். ஆகவே ஐந்து, ஆறு வயதுச் சிறுமியரைச் சேர்த்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் முடியும்வரை மகளைத் திரும்பக் கேட்பதில்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். பார்க்கலாம், குறித்த நாளில், பொறுப்பாளர் முன்னிலையில் பார்க்கலாம். அழைத்துச் செல்லல் ஆகாது. பொம்மையோடு வந்த குழந்தை திருமண வயதில்தான் வாயிலைக் கடந்து வெளியேறும்.

வயதுக்கேற்ப நான்கு பிரிவுகள் இருந்தன. பிரிவுக்கொரு நிறத்தில் ஆடை. இளையோர் காப்பிக்கொட்டை நிறம் உடுத்தினர். அடுத்தவர் நீலம், அதற்கடுத்தவர் சாம்பல், மூத்தோர் வெள்ளை. நிறம் மாறுவதே அவர்கள் காலத்தை அளந்த முறை. அங்குப் பயின்றவை பல: மொழிகள், கணக்கு, வரலாறு, புவியியல், இசை, நடனம், தையல், இல்லறப் பொருளியல். நாடகமும் உண்டு. மாணவியர் நடிப்பதைக் காணப் பேரரசியே வருவார். பிரெஞ்சு நாடகங்களில் காதல் மிகுந்திருப்பதால் சிறுமியர்க்கு ஏற்றவற்றைக் காண்பது அரிதாயிருக்கிறது என்று காதரின் வால்டேருக்கு எழுத, அம்முதியவர் நாடகங்களைத் திருத்தித் தர முன்வந்தார் என்பதும் இலக்கிய வரலாற்றில் சுவையான ஒரு செய்தி.

1776இல் முதல் அணியினர் கல்வி முடித்து வெளியேறினர். அதையொட்டிய ஆண்டுகளில், பேரரசியின் விருப்பப்படி, திமித்ரி லெவீத்ஸ்கி என்ற ஓவியர் அப்பள்ளி மாணவியரை ஏழு ஓவியங்களில் தீட்டினார். உக்ரேன் மண்ணிலிருந்து வந்தவர் அவர். கலைக் கழகத்தில் உருவ ஓவிய வகுப்பை நடத்தியவர். ஏழு ஓவியங்களில் ஒன்பது பெண்கள் உள்ளனர். நெடுங்காலம் பீட்டர்ஹாஃப் அரண்மனையில் இருந்த அவ்வோவியங்கள் பின்னர் ரஷ்ய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. இன்றும் அவை அங்கே ஒருங்கே உள்ளன.

முதலில் இரு சிறுமியர். ர்ஷேவ்ஸ்கயா நீல ஆடையில் நிற்கிறாள். அவளினும் இளையவளான தவீதவா காப்பி நிற ஆடையில் நிற்கிறாள். பெரியவள் பாடம் ஒப்பிப்பவள் போல முறையாக நிமிர்ந்திருக்க, சின்னவள் அவளை ஒட்டிக்கொண்டு, படம் எழுதுபவரைக் கண்டு சிரிக்கிறாள். நீலம் உடுத்தவளுக்குத் தான் இனிக் குழந்தையல்லள் என்ற எண்ணம் வந்துவிட்டது. காப்பி நிறத்தாளுக்கு அவ்வெண்ணம் இன்னும் வரவில்லை. தாயின் கையைப் பிடிக்க வேண்டிய வயதில் தோழியின் பக்கம் ஒண்டி நிற்கும் அக்குழந்தையைப் பார்க்கும்போது, பெத்ஸ்கோயின் கொள்கை முழுவதும் ஒரு கணம் கண்முன் வந்து நிற்கிறது.

அடுத்தது ஹ்ருஷோவா, ஹவான்ஸ்கயா என்னும் இருவர். ஆயர் வாழ்வைப் பாடும் இசை நாடகம் ஒன்றின் காட்சி. பெண்கள் மட்டுமே வாழும் இடமாதலால் ஆண் வேடமும் பெண்ணே ஏற்க வேண்டும். ஹ்ருஷோவா இடையன் வேடத்தில், ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையால் இடைச்சியின் முகவாயைத் தொடுகிறாள். வேடம் காதலன் வேடம். முகமோ குறும்புக்காரச் சிறுமியின் முகம். எதிரே ஹவான்ஸ்கயா கூச்சத்தால் கைகளை என்ன செய்வதென்று அறியாமல் நிற்கிறாள். நாடகத்தில் காட்டவேண்டிய நாணமும் மேடையேறிய சிறுமியின் உண்மை நாணமும் அம்முகத்தில் கலந்துவிட்டன. அந்தக் கூச்சக்காரி பிற்காலத்தில் நெலெதின்ஸ்கி என்ற பாட்டுக் கவிஞரின் மனைவியானார்.

இந்நால்வரும் பின்வந்த அணிகளைச் சேர்ந்தோர். எஞ்சிய ஐவரே முதல் அணியைச் சேர்ந்தோர்.

நெலீதவா அவர்களுள் ஒருத்தி. பெர்கொலேசியின் இசை நாடகத்தில், எசமானனை வென்று எசமானியாகும் பணிப்பெண் வேடம் ஏற்றவள். இரு விரல்களால் ஆடையைச் சற்றே பற்றி, ஆடத் தொடங்கும் நிலையில் நிற்கிறாள். அவள் அழகியல்லள் என்று அக்காலத்தார் பலரும் எழுதியுள்ளனர். சிறிய உருவம். ஓவியர் அக்குறையை மறைக்கவில்லை. மூக்கையும் கண்களையும் திருத்தி அவளை அழகியாக்க அவர் முயலவில்லை. அறிவும் துடிப்பும் நிறைந்த அம்முகத்தைக் கண்டவாறே எழுதினார். அதனாலேயே ஏழு ஓவியங்களிலும் மிக உயிர்ப்புள்ளதாக அது நிற்கிறது.

அவர் பின்னாளில் அரசவைப் பெண்ணாகி, இளவரசர் பாவெலின் நெருங்கிய தோழியாய் விளங்கினார். பாவெல் 1796இல் பேரரசரானபோது அவர் சொல் அவையில் செல்லும் சொல்லாயிற்று. இரண்டே ஆண்டுகளில் அந்நிலை சரிந்தது. எஸ்தோனியக் கோட்டை ஒன்றுக்கு அனுப்பப்பெற்றார். ஆங்கு அவரோடு உடனிருந்தவர் ஸ்மோல்னித் தோழி ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. திரும்பி வந்ததும் அவர் நாடிய இடம் பழைய பள்ளியே. 1839இல் இறக்கும்வரை ஸ்மோல்னியிலேயே வாழ்ந்தார். விடுதியை விட்டு வெளியேறும் நாளுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த பெண், முதுமையில் அவ்விடுதியையே தாய்வீடாகக் கொண்டார்.

லெவ்ஷினா கருநிறத்தாள், வாய்த்துடுக்கு மிக்கவள். பேரரசிக்குக் கடிதங்கள் எழுதினாள். பேரரசியும் அவளைக் கருமுகத்தாள் என்று செல்லமாகக் கேலி செய்து மறுமொழி எழுதினார். அக்கடிதங்கள் எஞ்சியுள்ளன. உலகம் அஞ்சிய ஓர் ஆட்சியாளர், பள்ளி மாணவி ஒருத்தியின் குறும்புக்கு ஈடுகொடுத்து எழுதியதை அவற்றில் காணலாம். படிப்பு முடிந்து ஆறாண்டுகளில், 1782இல், லெவ்ஷினா இறந்தார்.

பட்டம் பெற்ற 1776இல் எழுதப்பெற்றவை மூன்று. அவை மூன்று கலைகளைக் குறிப்பன என்பர். வெண்ணிற ஆடையில் கையில் நூலோடு அமர்ந்திருக்கிறாள் மல்ச்சானவா. அருகில் காற்றழுத்த ஆய்வுக்கான எந்திரம் ஒன்று உள்ளது. அது அறிவியலுக்கு அடையாளம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பெண்ணின் படத்தில் அத்தகைய கருவியை வைத்தமை சிறு செய்தியன்று. பர்ஷோவா நடனத்தைக் காட்டி நிற்கிறாள். கிளாஃபீரா அலீமவா யாழினத்துப் பெருங்கருவியான ஹார்ப்பை மீட்டுகிறாள். விரல்கள் நரம்பில் இருக்க, நிமிர்ந்த அம்முகம் தன் தகுதியைத் தானே அறிந்த முகமாய்த் திகழ்கிறது.

இவ்வலீமவா தம் நினைவுகளை எழுதி வைத்துச் சென்றமை இலக்கிய உலகின் நற்பேறு. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1871இல், 'ரூஸ்கி அர்ஹீவ்' இதழில் அவை வெளிவந்தன. ஓவியத்தின் உள்ளிருக்கும் பெண் வாய் திறந்து பேசுவதை அங்கே கேட்கலாம்.

அவர் தம் பெற்றோர்க்குப் பத்தொன்பதாம் குழந்தை. தந்தை இறந்த பின் பிறந்தவர். துயரில் மூழ்கியிருந்த தாய் அக்குழந்தையின் முகத்தைக் காணவும் மறுத்துவிட்டார். ஓராண்டு சென்ற பிறகே உறவினரும் நண்பரும் வற்புறுத்த ஏற்றுக்கொண்டார். இத்தகைய பிறப்பை உடையவர்க்கு ஸ்மோல்னி எவ்வாறு தோன்றியிருக்கும்? மற்றக் குழந்தைகள் வீட்டை இழந்து வந்த இடத்தில் அலீமவா வீட்டைக் கண்டார். பள்ளியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழிநடத்திய சோஃபியா த லாஃபோன் அம்மையாரைத் தாய் என்றே போற்றினார். உடன் பயின்றோரைச் சகோதரியர் என்றார். அங்குச் செல்வமும் குலப்பெருமையும் வேற்றுமை செய்யவில்லை, தகுதியும் திறனுமே வேற்றுமை செய்தன என்ற கருத்துப்பட எழுதியுள்ளார்.

அன்பின் நினைவு இனிமையானது. ஆனால் அது எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. 1765இலேயே அதே வளாகத்தில் நகர்க்குடி மக்களின் பெண்களுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பெற்றது. அவர்களுக்குக் கல்வியும் குறைவாகவே வகுக்கப்பெற்றது. பண்ணையடிமைகளின் பெண்களுக்கு வாயிலே திறக்கவில்லை. லெவீத்ஸ்கியின் ஏழு ஓவியங்களில் நகர்க்குடிப் பிரிவின் முகம் ஒன்றேனும் இல்லை. வேற்றுமையின்மை வெள்ளாடை உடுத்தோர்க்குள் மட்டும் இருந்தது.

மேலும் ஒரு நிழல் அந்நினைவுகளில் விழுகிறது. பள்ளியை உருவாக்கிய பெத்ஸ்கோய், எழுபதைக் கடந்த வயதில், அலீமவாவின் மீது ஆசை கொண்டார். படிப்பு முடிந்ததும் தம் இல்லத்தில் தங்கச் செய்தார். தம் மனைவியாக விரும்புகிறாயா, மகளாக விரும்புகிறாயா என்று ஒருநாள் கேட்டார். மகளாக என்று அவள் விடையிறுத்தாள். அவள் திருமணத்தைத் தடுக்க, கோயில் வாயில் வரையில் அம்முதியவர் முயன்றார் என்று அந்நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. உலகத்தின் மாசு படாமல் வளர்க்கப்பெற்ற பெண்ணை, முதல் மாசு அவளை வளர்த்தவர் உருவிலேயே வந்து எதிர்கொண்டது. எனினும் அவர் பெத்ஸ்கோயைப் பகைவராக எழுதவில்லை. நன்றியும் வேதனையும் ஒருங்கே உடைய எழுத்து அது. கைத்த அனுபவத்தை இத்துணை நிதானமாகச் சொல்லும் உரைநடை எம்மொழியிலும் அரிது.

அவர் மணந்துகொண்டவர் அலெக்ஸேய் ர்ஷேவ்ஸ்கி. அவரும் கவிஞரே. ஒரே பாவைப் பல வகையாகப் படிக்கும்படி அமைக்கும் சொல்விளையாட்டுகளில் வல்லவர். தமிழில் சித்திரகவி பாடியோரை ஒத்தவர் எனலாம். கணவர் இறந்த பின் அலீமவா தம்மினும் வயதில் மிக இளைய பிரெஞ்சு ஆசிரியர் ஒருவரை மணந்து, பீட்டர்ஸ்பர்க் சமூகத்தின் ஏச்சுக்கு ஆளானார். ஓவியத்தில் நிமிர்ந்த அத்தலை பிறகும் தாழவில்லை.

இனி, ஓவியர் எழுதாத ஒரு முகத்தைக் காண வேண்டும்.

1774இல் அலெக்ஸாந்தர் சுமரோக்கவ் என்ற பெருங்கவிஞர் நெலீதவாவுக்கும் பர்ஷோவாவுக்கும் செய்யுள் வடிவில் ஒரு கடிதம் எழுதினார். அவர்தம் நடிப்பைப் பாராட்டும் கடிதம் அது. பாராட்டுக் கவிதைகள் பெரும்பாலும் பாராட்டப்பெறுவோர்க்கும் பாடுவோர்க்கும் மட்டுமே சுவை தருவன. இதன் சிறப்பு வேறு. மேடையில் உடன் நின்ற பிற மாணவியரையும் அவர் பெயர் சுட்டிச் சொல்கிறார். இன்னார் இன்ன வேடத்தில் இவ்வாறு தோன்றினார் என்று, ஒருவருக்கு ஓரிரு அடிகள். அப்பெயர்களுள் ஒன்று ருபனோவ்ஸ்கயா. முதல் அணியில் பயின்ற எலிசவேத்தா ருபனோவ்ஸ்கயாவே அவர் என்று கொள்வர்.

எலிசவேத்தாவின் தமக்கை அன்னா, அலெக்ஸாந்தர் ரதீஷெவ் என்ற எழுத்தாளரை மணந்திருந்தார். 1783இல் அன்னா இறந்தார். தாயற்ற குழந்தைகளை எலிசவேத்தா வளர்த்தார். 1790இல் ரதீஷெவ், 'பீட்டர்ஸ்பர்கிலிருந்து மாஸ்கோவுக்குப் பயணம்' என்ற நூலை வெளியிட்டார். பண்ணையடிமை முறையின் கொடுமையை நேர்நின்று கூறிய நூல் அது. காதரின் சினந்தார். மரண தண்டனை விதிக்கப்பெற்று, பின்னர் பத்தாண்டுச் சைபீரிய நாடுகடத்தலாகக் குறைக்கப்பெற்றது. ஸ்மோல்னி மேடையின் முன்னமர்ந்து கைதட்டிய பேரரசியின் ஆட்சிதான் அத்தண்டனையை விதித்தது.

எலிசவேத்தா என்ன செய்தார்? நடனமும் பிரெஞ்சும் பயின்ற அப்பெண், ரதீஷெவின் இளைய குழந்தைகள் இருவரை அழைத்துக்கொண்டு சைபீரியாவுக்குப் புறப்பட்டார். தொபோல்ஸ்க் நகரில் அவரோடு சேர்ந்துகொண்டு, அப்பாலுள்ள இலிம்ஸ்க் வரை சென்றார். மனைவியின் தங்கையை மணத்தல் ஆகாது என்பது அவர்கள் திருச்சபையின் விதி. ஆதலால் முறையான மனைவி என்ற பெயரும் அவருக்குக் கிட்டவில்லை. அந்த வனாந்தரத்தில் ரதீஷெவுடன் இல்வாழ்க்கை நடத்தி மூன்று குழந்தைகளை ஈன்றார். காதரின் இறந்து பாவெல் அரியணை ஏறியதும் திரும்பி வர ஆணை கிடைத்தது. வரும் வழியில், 1797இல், தொபோல்ஸ்க் நகரிலேயே எலிசவேத்தா இறந்தார். தலைநகரையோ தம் பள்ளியையோ அவர் மீண்டும் காணவில்லை.

ரஷ்ய இலக்கியத்தில், நாடுகடத்தப்பெற்றோரைப் பின்தொடர்ந்து சைபீரியா சென்ற பெண்கள் என்றதும் 1825ஆம் ஆண்டு எழுச்சியில் பங்குகொண்டோரின் மனைவியரே நினைவுக்கு வருவர். அவர்களைப் பாடாத கவிஞர் குறைவு. அவர்களுக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வழியில் நடந்தவர் ஸ்மோல்னியின் முதல் அணி மாணவி ஒருவர்.

லெவீத்ஸ்கியைக் குறை கூறுதல் பொருந்தாது. எவரை எழுத வேண்டும் என்று தேர்ந்தது அவர் அல்லர். கிடைத்த முகங்களை அன்போடு எழுதினார். அவர் அன்பு எங்கே தெரிகிறது? வேடத்துக்கும் குழந்தைக்கும் இடையில் சிறு இடைவெளி விட்டாரே, அங்கே தெரிகிறது. இடையனின் கைக்குள்ளிருந்து சிறுமியின் சிரிப்பு எட்டிப் பார்க்கிறது. அரசவைக்குக் காட்டவேண்டிய கல்வித் திறனை அவர் காட்டினார். அதனோடு, அக்குழந்தைகள் காட்ட விரும்பாத கூச்சத்தையும் பெருமிதத்தையும் பதிந்து வைத்தார். புகழ்ந்து எழுதுவது எளிது. உற்று நோக்கி எழுதும்போது மட்டுமே எழுதப்பெறுவோர் எழுதியவர்க்குப் பிறகும் வாழ்கின்றனர்.

ஆயினும் ஓவியத் திரைக்கு விளிம்பு உண்டு. அதற்கு வெளியே நின்றவளைக் காக்கும் வழி ஒரு பெயராக மட்டுமே இருந்தது. அப்பெயரை ஒரு கவிஞர் தம் செய்யுளில் வைத்தார். அவள் எதிர்காலத்தில் என்ன செய்வாள் என்று அவர் அறியார். பள்ளி நாடகத்தில் நன்றாக நடித்த ஒரு மாணவி, விட்டுவிடக் கூடாது என்று எண்ணினார், அவ்வளவே.

தமிழ் மரபில் அகத்திணைக்குரிய தலைவிக்கும் தோழிக்கும் இயற்பெயர் கூறுவதில்லை. பெயர் சுட்டிப் பாடுவது புறத்திணையின் வழக்கு. உள்ளத்து அன்பு பெயரற்றது, உலகின் முன் நிறுத்தும் புகழ் பெயருடையது என்ற ஆழ்ந்த உணர்வு அவ்விதியில் உண்டு. விடுதியில் உடன் உறைந்த தோழியரைப் பாடும்போது இவ்விரண்டும் கலக்கின்றன. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் உறங்கியவளிடம் கொண்ட அன்பு அகம். அவளை உலகம் மறவாதிருக்க வேண்டும் என்ற ஆசை புறம். தமிழ்நாட்டு மகளிர் விடுதிகளில் பிரிவு நாளன்று மாணவியர் ஒருவர்க்கொருவர் நினைவேடுகளில் எழுதிக் கொள்ளும் வரிகளைப் புலவர் எவரும் கவிதையென எண்ணுவதில்லை. ஆயினும் அவ்வேடுகள் செய்யும் பணி சுமரோக்கவ் செய்த பணியே: இவள் இருந்தாள், இவ்வாறு இருந்தாள் என்று ஒருத்தியின் பெயரை எழுதி வைத்தல்.

பத்தாண்டு நிறைவு மலரில் குழுப்படம் ஒன்று இடம்பெறுவது வழக்கம். அப்படத்தில் நிற்போர் ஏழு ஓவியங்களில் உள்ள ஒன்பது பெண்களைப் போன்றோர்; அவர்களை வருங்காலம் எளிதில் கண்டுகொள்ளும். எந்த வட்டத்திலும் படத்துக்கு வாராதோர் சிலர் இருப்பர். தொடக்க நாட்களில் நாற்காலி எடுத்துப் போட்டவர், அறிவிப்பு அட்டைகளுக்கு முகவரி எழுதியவர், ஒரே ஒரு கவிதை படித்துவிட்டு ஊர் மாறிச் சென்றவர். அவர்கள் பின்னாளில் எவ்வழியில் நடந்தார்கள், எவர் குழந்தையை வளர்த்தார்கள் என்பது எவர்க்கும் தெரியாமலே போகலாம். மலர் அச்சேறும் முன் கவிஞர் பெருமக்கள் ஒவ்வொருவரும் அத்தகைய ஒருவரின் பெயரை நினைவுகூர்ந்து, ஓரிரு அடிகளில் எழுதித் தருவார்களாயின், இவ்விழா நிறைவுடையதாகும்.